கடாரம் யாருடையது?

கடாரம் என்றதும், அது சோழர் மண் என்று கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் மேடையேறிப் பேசுவோர் உளர். மலாய் அரசின் தொட்டில் அது. இந்தியருக்கு அங்கு இடமில்லை என்பாரும் உளர். இவ்வழக்கில் கல்லையும் செப்பேட்டையும் சான்று கேட்பதே முறை.

1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்த முதலாம் இராசேந்திரன், கடாரத்தரசனைச் சிறைப்படுத்தினான் என்கிறது மெய்க்கீர்த்தி. சிறைப்பட்ட சங்கிராம விசயோத்துங்கவர்மன் சோழன் அல்லன். அதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன், கடாரத்தரசர் நாகப்பட்டினத்தில் எடுத்த புத்த விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்தான். பின்னர் வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, அடி பணிந்த அதன் மன்னனுக்கே மீண்டும் கொடுத்தான் என்று கல்வெட்டுக் கூறும். ஆகவே, கடாரத்துக்குத் தனி மன்னர் இருந்தமைக்குத் தமிழ்ச் சாசனங்களே சான்று.

மறுபுறம், கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்த கோயில் அடித்தளங்கள், சைவமும் பௌத்தமும் அங்கு வேரூன்றியமையைக் காட்டுகின்றன. அவற்றை மறைத்து எழுதும் வரலாறும் குறையுடையதே.

இவ்வழக்கு நீள, 2013ஆம் ஆண்டில் அப்பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலம் சீர்செய்யப்பட்டபோது இடிக்கப்பட்டது. இரு திறத்தார்க்கும் பொதுவான சான்று ஒன்று அழிந்தது. மெய்க்கீர்த்தியைக் கற்பிக்கும் ஆசிரியர், ஆனைமங்கலச் செப்பேட்டையும் உடன் கற்பித்தல் வேண்டும்; எஞ்சிய சண்டிகளை மாணவர்க்கு நேரிற் காட்டுதலும் வேண்டும்.