டியூன் புதினத்தின் திரை வடிவங்களும் ரசிகர் விவாதங்களும்

டியூன் என்பது அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் ஹெர்பர்ட் (1920–1986) எழுதி 1965இல் நூலாக வெளிவந்த அறிவியல் புனைவுப் புதினம். டேவிட் லிஞ்ச் இயக்கிய 1984ஆம் ஆண்டுத் திரைப்படம், ஜான் ஹாரிசன் இயக்கிய 2000ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிக் குறுந்தொடர், டெனி வில்நெவ் 2021இலும் 2024இலும் இரண்டு பாகங்களாக எடுத்த திரைப்படம் என மூன்று முறை அது திரைக்கு வந்துள்ளது. 1970களில் அலெகாந்த்ரோ ஹொடரோவ்ஸ்கி திட்டமிட்டு, படப்பிடிப்புத் தொடங்கும் முன்பே கைவிடப்பட்ட படமொன்றும் உண்டு. எடுக்கப்படாத அந்தப் படமும் எடுக்கப்பட்டவற்றுக்கு இணையாக ரசிகர்களின் வாதங்களில் இடம்பெறுகிறது. எந்த வடிவம் மூலத்துக்கு நெருக்கமானது என்பதே இவ்வாதங்களில் வெளிப்படையாகக் கேட்கப்படும் கேள்வி எனினும், நாயகன் பால் அட்ரெய்டீஸை மீட்பனாகக் கொள்வதா, மீட்பர்களை நம்பாதீர்கள் என்னும் எச்சரிக்கையாகக் கொள்வதா என்ற, திரைப்படங்களுக்கும் முற்பட்ட கருத்து வேறுபாடே அதன் அடியில் கிடக்கிறது.

மூலப் புதினம்

ஹெர்பர்ட் 1957இல் ஓரிகன் மாநிலத்தின் ஃபிளாரன்ஸ் நகரையொட்டிய கடற்கரையில், நகரும் மணல்மேடுகளைப் புல் நட்டுத் தடுத்து நிறுத்தும் அரசுப் பணியைப் பற்றிப் பத்திரிகைக் கட்டுரை ஒன்றை எழுத முற்பட்டார். அக்கட்டுரை வெளிவரவில்லை, அதற்காகத் திரட்டத் தொடங்கிய செய்திகளிலிருந்தே அராக்கிஸ் என்னும் பாலைக் கோளின் கதை வளர்ந்தது. 1963 முதல் 1965 வரை அனலாக் இதழில் இரண்டு தொடர்களாக வந்த அக்கதையை இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்தபின், வாகனப் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்குப் பெயர்பெற்ற சில்ட்டன் நிறுவனம் நூலாக்கியது. நூல் ஹியூகோ, நெபுலா ஆகிய இரு விருதுகளையும் பெற்றது.

விண்வெளிப் பயணத்துக்கு இன்றியமையாததும், உண்டவருக்கு நீண்ட ஆயுளையும் சிலருக்கு வருங்காலக் காட்சியையும் தருவதுமான மெலாஞ்ச் என்னும் பொருள் அராக்கிஸில் மட்டுமே கிடைக்கிறது. பேரரசரின் ஆணைப்படி அக்கோளை ஆள வரும் அட்ரெய்டீஸ் குடும்பத்தை ஹார்க்கொன்னன் குடும்பம் சூழ்ச்சியால் அழிக்க, தப்பிய இளவல் பாலும் அவன் தாய் ஜெசிக்காவும் ஃப்ரெமென் எனப்படும் பாலைக்குடிகளிடம் அடைக்கலம் புகுகின்றனர். அம்மக்கள் காத்திருக்கும் மீட்பனைப் பற்றிய நம்பிக்கை தற்செயலானதன்று. பெனி ஜெசரிட் எனப்படும் பெண்கள் சபை, தன் உறுப்பினர் எவரேனும் பின்னாளில் ஆபத்தில் சிக்கினால் உதவட்டும் என்று பல தலைமுறைகளுக்கு முன்பே விதைத்துவைத்த கட்டுக்கதை அது. பால் அந்தக் கதையைத் தெரிந்தே பயன்படுத்தி ஆட்சியைப் பிடிக்கிறான். அதன் விளைவாக அண்டமெங்கும் தன் பெயரால் புனிதப் போர் மூளும் என்பதையும் முன்கூட்டியே காண்கிறான்.

இதை வெற்றிக் கதையாகவே வாசித்தவர்கள் தொடக்கத்திலிருந்தே இருந்தனர். பாலின் வீழ்ச்சியைச் சொல்லும் அடுத்த நூலான டியூன் மெசையாவை, முதல் கதையை விரும்பி வெளியிட்ட அனலாக் ஆசிரியர் ஜான் கேம்பெல் ஏற்க மறுத்துவிட்டார். அது 1969இல் கேலக்சி இதழில் தொடராக வந்தது. நாயகன் நாயகனாகவே இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கும் ஆசிரியரின் நோக்கத்துக்கும் இடையிலான இந்த மோதல்தான் பின்னர் திரையரங்குகளுக்கு இடம்பெயர்ந்தது.

திரையாக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஹெர்பர்ட்டின் பாத்திரங்கள் பேசுவதைவிட எண்ணுவது அதிகம். ஒரே உரையாடலுக்குள் இருவர் மூவரின் மனத்துக்குள் மாறிமாறி நுழைந்து, சொன்ன சொல்லுக்குப் பின்னால் மறைத்த கணக்கை வாசகருக்குக் காட்டுவது அவர் முறை. அத்தியாயங்கள் ஒவ்வொன்றும் பேரரசரின் மகளான இளவரசி இருலான் பின்னாளில் எழுதியதாகக் கூறப்படும் வரலாற்றுக் குறிப்புடன் தொடங்குவதால், நடக்கப்போவது முன்பே தெரிந்துவிடுகிறது. எப்படி நடக்கிறது என்பதில்தான் சுவை.

எடுக்கப்படாத படம்

சிலியில் பிறந்து பிரான்சில் பணியாற்றிய ஹொடரோவ்ஸ்கி, தயாரிப்பாளர் மிஷெல் செய்துவின் துணையுடன் 1974இல் தொடங்கிய முயற்சியில் ஓவியர்கள் மோபியஸ், எச். ஆர். கைகர், கிறிஸ் ஃபாஸ், திரைக்கதையாளர் டான் ஓபேனன் ஆகியோர் இணைந்தனர். ஓவியர் சால்வடோர் டாலி பேரரசராகவும் ஆர்சன் வெல்ஸ் ஹார்க்கொன்னன் தலைவராகவும் நடிப்பதாகப் பேச்சு நடந்தது. பத்து மணி நேரத்துக்கும் நீளக்கூடிய படத்துக்கு ஹாலிவுட் பணம் தர மறுத்ததால் திட்டம் நின்றது. ஓவியர் மூவரும் ஓபேனனும் ரிட்லி ஸ்காட்டின் ஏலியன் (1979) படத்தில் மீண்டும் ஒன்றுசேர்ந்தனர்.

2013இல் வந்த ஆவணப்படம் இம்முயற்சியைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியபின், எடுக்கப்பட்டிருந்தால் இதுவே தலைசிறந்த டியூனாக இருந்திருக்கும் என்னும் வாதம் வலுப்பெற்றது. வியப்பு என்னவெனில், மூலத்திலிருந்து மிகத் தொலைவு விலகியது இந்த வடிவமே. இதில் பால் இறுதியில் கொல்லப்படுகிறான். அவன் உணர்வு மக்கள் அனைவரிலும் பரவி, கோளே உயிர்பெற்று விண்ணில் நகர்கிறது. மற்ற இயக்குநர்கள் ஒரு பாத்திரத்தை நீக்கினாலும் பொறுக்காத ரசிகர்கள் இதை மட்டும் மன்னிப்பதற்கு, குறை காண ஒரு காட்சிகூடத் திரையில் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம். 2021 நவம்பரில் பாரிஸில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில், இப்படத்துக்காக அச்சிடப்பட்ட காட்சி ஓவியத் தொகுப்பு நூலின் ஒரு பிரதியை, மதிப்பிடப்பட்ட விலையைப் போல் பல மடங்காக 26.6 லட்சம் யூரோ கொடுத்து ஓர் இணையக் குழு வாங்கியது. அதைக் கொண்டு அசைவூட்டத் தொடர் எடுக்கும் திட்டத்தையும் அக்குழு அறிவித்தது. நூலின் பிரதியை வாங்குவதால் கதையின் பதிப்புரிமை கைக்கு வருவதில்லை என்பதைப் பிறர் சுட்டிக்காட்ட வேண்டியதாயிற்று.

லிஞ்சின் திரைப்படம்

உரிமையைப் பின்னர் பெற்ற இத்தாலியத் தயாரிப்பாளர் டினோ டி லாரென்டிஸ், ரிட்லி ஸ்காட் விலகியபின் டேவிட் லிஞ்சை அமர்த்தினார். சுமார் 4 கோடி டாலர் செலவில் மெக்சிகோவில் எடுக்கப்பட்ட இப்படம், நான்கு மணி நேரத்துக்கும் மேற்பட்ட முதல் தொகுப்பிலிருந்து 137 நிமிடங்களுக்குச் சுருக்கப்பட்டு 1984 டிசம்பரில் வெளிவந்தது. இறுதித் தொகுப்பை முடிவுசெய்யும் அதிகாரம் லிஞ்சிடம் இல்லை. கதை புரியாது என்ற அச்சத்தில் அருஞ்சொற்பொருள் அச்சிட்ட தாளைத் திரையரங்குகளில் வழங்கினர். படமும் விளக்கத்துடனேயே தொடங்குகிறது: விண்மீன்களுக்கு நடுவே தோன்றும் இருலானின் முகம் அரசியல் நிலவரத்தைச் சொல்லி மறையப்போய், முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டதாகக் கூறித் திரும்பவும் தெளிவடைந்து தொடர்கிறது. படத்தை விரும்புவோரும் வெறுப்போரும் தத்தம் வாதத்துக்குச் சான்றாகக் காட்டுவது இந்தக் காட்சியைத்தான். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இப்படத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் தந்தார். அமெரிக்க வசூலும் செலவை எட்டவில்லை.

மன ஓட்டத்தை லிஞ்ச் கிசுகிசுக்கும் பின்னணிக் குரலாக அப்படியே ஒலிக்கவிட்டார். முதியவள் ஒருத்தி பாலின் கழுத்தருகே நச்சு ஊசியைப் பிடித்தபடி, வலியைத் தூண்டும் பெட்டிக்குள் அவன் கையை வைக்கச் சொல்லிச் சோதிக்கும் காட்சியில், அச்சத்தை அடக்கும் மந்திரத்தை அவன் மனத்துக்குள் சொல்வது நமக்குக் கேட்கிறது. கை வெந்து கருகுவதாக அவன் உணர்வதும் கண்முன் காட்டப்படுகிறது. நூலுக்கு நெருக்கமானது இம்முறையே என ஒரு சாரார் கூற, ஏற்கெனவே முகத்தில் தெரிவதைக் குரலும் சொல்வது மிகை என்பர் மற்றவர்.

கடுமையான எதிர்ப்புக்கு உள்ளானவை இரண்டு மாற்றங்கள். நூலில் ஃப்ரெமென்களுக்குப் பாலும் ஜெசிக்காவும் கற்பிப்பது உடலையும் நரம்பையும் பழக்கும் போர்க்கலை; படத்தில் அது ஒலியை ஆயுதமாக்கும் கருவியாகிவிட்டது. இறுதியில் பாலின் ஆற்றலால் அராக்கிஸில் மழை பெய்கிறது. முந்தையதைக்கூடச் செலவு, காலம் என்று சமாதானம் சொல்லிவிடலாம். மழையோ நாயகனை மெய்யான கடவுளாக்கிப் புதினத்தின் கருத்தையே தலைகீழாக்குகிறது. படத்தைப் பொதுவாக ஆதரித்துப் பேசிய ஹெர்பர்ட்டும், தம் நாயகன் கடவுள் வேடம் பூண்ட மனிதனேயன்றி மழை பெய்விக்கும் கடவுள் அல்லன் என்னும் கருத்தை எழுத்தில் பதிவுசெய்தார்.

1988இல் தொலைக்காட்சிக்காக மூன்று மணி நேரத்துக்கும் மேலாக நீட்டப்பட்ட வடிவத்திலிருந்து லிஞ்ச் தம் பெயரை நீக்கச் சொன்னார்; இயக்குநர் இடத்தில் ஆலன் ஸ்மிதி என்ற வழக்கமான புனைபெயரும், திரைக்கதை ஆசிரியர் இடத்தில் ஜூடாஸ் பூத் என்ற கசப்பான பெயரும் இடம்பெற்றன. கிடைத்த காட்சிகளையெல்லாம் கோத்து, ஏறத்தாழ மூன்று மணி நேரத் தொகுப்பு ஒன்றை ரசிகர் ஒருவர் பின்னாளில் உருவாக்கினார். அதிகாரபூர்வ வடிவங்களைவிட அதுவே மேல் எனக் கருதுவோர் உள்ளனர். 2021க்குப் பிறகு லிஞ்சின் படத்துக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. போர்க்களத்தில் நாய்க்குட்டியை அணைத்தபடி பாய்ந்து செல்லும் அட்ரெய்டீஸ் வீரன் குர்னி ஹாலெக் போன்ற விசித்திரங்கள் முன்பு ஏளனத்துக்கு ஆளாயின. இப்போது அவையே படத்தின் தனித்தன்மையாகப் போற்றப்படுகின்றன.

குறுந்தொடர்

2000 டிசம்பரில் சை-ஃபை தொலைக்காட்சியில் மூன்று பகுதிகளாக வந்த ஹாரிசனின் வடிவம், நான்கு மணி நேரத்துக்கும் மேலான நீளத்தால் நூலின் நிகழ்வுகளை அதிக அளவில் உள்ளடக்கியது. பிராகில் அரங்கத்துக்குள் வரைதிரைகளைப் பின்னணியாக நிறுத்திப் பாலைவனம் உருவாக்கப்பட்டது. விட்டோரியோ ஸ்டொராரோவின் ஒளிப்பதிவு எம்மி விருது பெற்ற போதிலும், நாடக மேடைபோல் இருக்கிறது என்ற குறை இன்றும் ஒலிக்கிறது. மூலத்துக்கு நெருக்கம் என்பதை நிகழ்வுகளின் எண்ணிக்கையால் அளப்போர் இத்தொடரை முதலிடத்தில் வைப்பர். ஆனால் இங்கும் இருலானின் பாத்திரம் நூலில் இல்லாத அளவுக்கு விரிவாக்கப்பட்டுள்ளது.

வில்நெவின் இரு பாகங்கள்

கனடிய இயக்குநர் வில்நெவ் கதையை இரண்டாகப் பிரித்து, ஜோர்தானின் வாடி ரம், அபுதாபி பாலைவனம் போன்ற இடங்களில் எடுத்தார். முதல் பாகம் ஆறு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. இரண்டாம் பாகத்தின் உலக வசூல் 70 கோடி டாலரைக் கடந்தது. லிஞ்சின் முறைக்கு நேர்மாறாக இவர் மன ஓட்டத்தை ஏறக்குறைய முழுதுமாக மௌனமாக்கி, முகம், கைச்சைகை, கனவுக்காட்சி, ஹான்ஸ் சிம்மரின் இசை ஆகியவற்றிடம் ஒப்படைத்தார். பெட்டிச் சோதனையின்போது மந்திரத்தை முணுமுணுப்பது கதவுக்கு வெளியே நடுங்கி நிற்கும் ஜெசிக்கா. உள்ளே பாலின் முகம் மட்டுமே. இம்மாற்றம் பரவலாகப் பாராட்டப்பட்டது.

இந்த மௌனத்துக்குக் கொடுத்த விலை அரசியல் நுணுக்கம் என்பர் மறுப்போர். அவர்கள் ஓயாமல் சுட்டுவது நீக்கப்பட்ட விருந்துக் காட்சியை. அராக்கிஸின் ஆட்சியாளர் மாளிகையில், விருந்தினர் கைகழுவிய நீரைத் தரையில் சிந்தி, துடைத்த துண்டுகளை அந்த ஈரத்திலேயே எறிவது வழக்கம்; அத்துண்டுகளைப் பிழிந்த நீருக்காக வெளியே ஏழைகள் காத்துக் கிடப்பர். பாலின் தந்தை அவ்வழக்கத்தை ஒழித்து, கேட்பவர்க்கெல்லாம் நீர் வழங்கச் சொல்கிறார். அதைத் தொடரும் விருந்தில், நீர் வணிகர், வங்கியாளர், ஒற்றர் அனைவரும் இனிமையாகப் பேசியபடியே ஒருவரையொருவர் எடைபோடுகின்றனர். நீரே அதிகாரம் என்பதை இத்தனை சுருக்கமாகச் சொல்லும் இடம் நூலில் வேறில்லை என்பதால் இக்குறை நியாயமானதே. மனிதக் கணிப்பொறிகளாகப் பயிற்றப்பட்ட மென்டாட்டுகள் ஏன் உருவாயினர் என்ற முன்வரலாறும் படத்தில் விளக்கப்படவில்லை.

இரண்டாம் பாகத்தைப் பற்றிய விவாதம் வேறு தன்மையது. நூலில் ஆண்டுகள் கடந்து, பாலின் தங்கை அலியா சிறுமியாக வளர்ந்து ஹார்க்கொன்னன் தலைவரைக் கொல்கிறாள். படத்தில் கதை சில மாதங்களுக்குள் முடிந்துவிடுவதால் அவள் இன்னும் கருவிலேயே இருக்கிறாள், கொல்பவன் பால். ஃப்ரெமென்களை நம்பிக்கை மிகுந்த தென்புலத்தாராகவும் ஐயம் கொண்ட வடபுலத்தாராகவும் பிரித்ததும் புதிது. இவை அனைத்தினும் பெரிய மாற்றம் பாலின் காதலி சானி. நூலில் அவள் அவனை முழுமையாக நம்புகிறாள். அரசியலுக்காக அவன் இருலானை மணக்க, மனைவி என்ற பெயரை வரலாறு நமக்கே தரும் என்று ஜெசிக்கா அவளைத் தேற்றுவதோடு கதை முடிகிறது. படத்திலோ சானி மீட்பன் கதையை வெளிப்படையாக மறுத்து, எல்லோரும் மண்டியிடும்போது எழுந்து வெளியேறி, ஃப்ரெமென்கள் ஏறிப் பயணிக்கும் மணற்புழுவை அழைத்துத் தனியே கிளம்புகிறாள்.

இது கதைக்கு இழைத்த துரோகம் என்போர் உண்டு. எனினும், பக்கங்களுக்கு நடுவே மறைந்திருந்த எச்சரிக்கையைப் பார்வையாளர் தவறவிடாதபடி ஒரு மனித முகத்தில் ஏற்றிவைத்த வகையில், நிகழ்வுகளை மாற்றியும் நோக்கத்தைக் காத்த மாற்றம் இது எனலாம். பேரரசின் பிற குடும்பங்கள் பாலை ஏற்க மறுப்பதும், ஃப்ரெமென்கள் போருக்குக் கப்பலேறுவதும் இதே திசையில் செல்பவை.

ஃப்ரெமென்களின் பண்பாடு அரபு, இஸ்லாமிய மரபுகளிலிருந்தும், காக்கசஸ் மலைக்குடிகளின் போராட்டத்தைச் சொல்லும் லெஸ்லி பிளாஞ்சின் நூலிலிருந்தும் நிறையப் பெற்றுக்கொண்டது. படங்களில் மீட்பனைக் குறிக்கும் மஹ்தி போன்ற பெயர்கள் நீடித்தாலும், நூலெங்கும் வரும் ஜிஹாத் என்ற சொல் புனிதப் போர் எனப் பொதுமையாக்கப்பட்டது. முதன்மைப் பாத்திரங்களில் மேற்கு ஆசிய, வட ஆப்பிரிக்க வழியினர் அரிதாகவே இருப்பதும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. வெள்ளை மீட்பன் கதை என்ற குற்றச்சாட்டுக்கு, அத்தகைய கதைகளையே இப்புதினம் சாடுகிறது என்று ரசிகர்கள் மறுமொழி கூறுவர். ஆனால் சாடலின் கருத்து எவ்வளவு சரியாயினும், யாருடைய முகங்கள் திரையை நிறைக்கின்றன என்ற கேள்விக்கு அது விடையாகாது.

வில்நெவின் மூன்றாம் படம் டியூன் மெசையாவை அடிப்படையாகக் கொண்டு, 2026 டிசம்பர் வெளியீடாக அறிவிக்கப்பட்டது. அந்நூலில் சானி பாலின் துணையாகவே வாழ்ந்து அவன் பிள்ளைகளைப் பெற்றெடுக்கிறாள். அவனைத் துறந்து பாலைவனத்துக்குள் சென்றவள் அந்தக் கதைக்குள் எவ்வழியாகத் திரும்ப முடியும் என்பதே இரண்டாம் பாகம் வெளிவந்த நாள் முதல் ரசிகர்களிடையே நடந்துவரும் வாதம்.