விமர்சனம் காத்த படமும் விமர்சனம் கடந்து சென்ற குற்றமும்: 'ஒன் ஃபால்ஸ் மூவ்' குறித்து ஓர் ஆய்வு

கார்ல் பிராங்க்ளின் இயக்கத்தில் 1992-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் வெளிவந்த 'ஒன் ஃபால்ஸ் மூவ்' என்னும் படம், நேரே வீடியோக் கடைகளுக்குச் சென்று மறைந்துபோகவிருந்தது. அதனைத் திரையரங்குகளில் நிலைபெறச் செய்த பெருமை விமர்சகர்களையே பெரும்பாலும் சாரும். தொலைக்காட்சியில் படங்களை விவாதித்துவந்த ஜீன் சிஸ்கல், ராஜர் ஈபர்ட் இருவரும் அதனை வற்புறுத்திப் பரிந்துரைத்ததோடு, ஆண்டிறுதிப் பட்டியலில் முன்னவர் முதலிடமும், பின்னவர் 'மால்கம் எக்ஸ்' படத்துக்கு அடுத்த இடமும் அளித்தனர். இத்தொண்டு போற்றத்தக்கதே. ஆயினும், புறக்கணிப்பிலிருந்து மீண்ட படம் என்ற கீர்த்தியும் 'நியோ நுவார்' என்ற குற்றப்பட வகைப்பெயரும் ஒருங்கே சேர்ந்துகொண்டமையால், படத்தின் மையக் குற்றம் எது என்னும் கேள்வி பின்னுக்குப் போய்விட்டது என்பதே என் அபிப்பிராயம்.

லாஸ் ஏஞ்சலிஸில் கோரமான கொலைகளைச் செய்துவிட்டுத் தப்பியோடும் மூவர், ஆர்க்கன்சாஸ் மாநிலத்து ஸ்டார் சிட்டி என்னும் சிற்றூருக்கு வரக்கூடும் என்று ஊகித்து, இரண்டு நகரத்துத் துப்பறிவாளர்கள் முன்னதாகவே அங்கே சென்று, ஊர்க் காவல் தலைவன் டேல் டிக்ஸனுடன் காத்திருக்கிறார்கள். பெருநகரத்தின் தீமை மாசற்ற ஊரைத் தேடி வருகிறது என்று நாம் நம்பும்படியாகவே முற்பகுதி அமைந்திருக்கிறது. நகரக் காவல்துறையில் சேர வேண்டும் என்ற தன் ஆசையை அவ்விருவரும் உணவுவிடுதியில் பரிகசித்துச் சிரிப்பதை டிக்ஸன் தற்செயலாகக் கேட்க நேரும்போது, அதுவரை பிள்ளைத்தனமான உற்சாகம் ததும்பிக்கொண்டிருந்த அவனாக நடிக்கும் பில் பாக்ஸ்டனின் முகம் வாடிப்போகிறது. நம் அனுதாபம் முழுவதும் அவன் பக்கம் சாய்கிறது. அவ்வனுதாபத்தை நம்மிடமிருந்து பெற்றுக்கொண்ட பிறகே படம் அவனுடைய பூர்வகதையைத் திறக்கிறது. கொலைகாரர்களோடு வரும் ஃபேன்டேசியா உண்மையில் அவ்வூரில் பிறந்த லைலா. கடையில் திருடியதற்காக ஒருகாலத்தில் அவனிடம் பிடிபட்ட கறுப்பினப் பெண். அவள் குடும்பத்தில் வளரும் பைரன் என்ற சிறுவன் அவன் மகன். பிடிபட்ட பெண்ணைத் தன் இச்சைக்குப் பயன்படுத்திக்கொண்ட, எந்தக் காவல் நிலையத்துப் பதிவேட்டிலும் ஏறாத இக்குற்றம், ஊர் கொண்டாடும் ஓர் அதிகாரியின் சட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஆடவனை நாசத்துக்கு இழுத்துச் செல்லும் மோகினியாகப் பெண்ணைக் காட்டுவது நுவார் மரபு. அந்த அளவுகோலால் லைலாவை அளப்போர், முதற் கொலைகளின்போது ஒளிந்திருந்த குழந்தையைக் கண்டும் அவள் தன் கூட்டாளிகளிடம் சொல்லாமல் விட்டதை மறந்துவிடுகிறார்கள். அவளை ஊருக்கு இழுத்துவருவது பணமன்று, பிள்ளை. இங்கே அழிவின் காரணகர்த்தா சட்டத்தின் பிரதிநிதியே. கறுப்பினத்தவரான ராட்னி கிங்கைத் தாக்கிய காவலர்கள் மீதான வழக்கின் தீர்ப்பையொட்டி லாஸ் ஏஞ்சலிஸில் கலவரம் மூண்டது 1992 ஏப்ரல் 29. அதன் புகை அடங்குவதற்குள் திரைக்கு வந்த இப்படம் கலவரத்துக்கு எழுதிய மறுமொழி அன்று, அதற்கு முன்பே எடுக்கப்பட்டது. ஆயினும் ஆர்க்கன்சாஸ்காரர்களான பில்லி பாப் தார்ன்டனும் டாம் எப்பர்சனும் எழுதிய கதையை ஒரு கறுப்பின இயக்குநர் கையாண்டபோது, காவலனுக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே இருந்த பழைய உறவு அதன் ஆதார சுருதியாயிற்று.

இறுதிக் காட்சியில் காயமுற்று வீழ்ந்துகிடக்கும் டிக்ஸனிடம் பைரன் வந்து பேசுவதைப் பாவவிமோசனம் என்று கொள்வது எளிது. எனக்கு அது உடன்பாடன்று. மன்னிக்கும் உரிமை உடையவள் லைலா ஒருத்தியே. அவளோ அதற்குள் இறந்துவிட்டாள். ஒரு சிறுவனோடு பேசிய சில வார்த்தைகளைக் கொண்டு டிக்ஸன் தன் கடனைத் தீர்த்துவிட்டதாகக் கணக்கெழுதும் அதிகாரம் விமர்சகர் எவருக்கும் இல்லை.