துபியா

இலத்தீனில் 'துபியும்' என்றால் ஐயம்; அதன் பன்மை 'துபியா'. இரண்டு எனப் பொருள்படும் 'துவோ' என்னும் எண்ணுப்பெயரோடு இதற்கு உறவுண்டு; இருபுறமும் ஊசலாடும் சித்தமே சந்தேகம் என்பது உரோமர் கொள்கை போலும். கத்தோலிக்கத் திருச்சபை வழக்கிலோ, சட்டத்திலும் போதனையிலும் தெளிவு வேண்டி உரோமாபுரிக்கு எழுதியனுப்பும் முறையான வினாவையே இச்சொல் குறிக்கும். அதற்கு 'ஆம்' அல்லது 'அன்று' எனச் சுருங்க விடையிறுப்பது சம்பிரதாயம்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அமோரிஸ் லெத்தீசியா' என்னும் ஊக்கவுரையின் எட்டாம் அத்தியாயமும், அதைவிட அதன் 351ஆம் அடிக்குறிப்பும், மணமுறிவுற்று மறுமணம் புரிந்தோர் சிலர்க்கு நற்கருணை பெற வழிதிறக்கின்றனவோ என்ற விவாதம் எழவே, பிராண்ட்முல்லர், பர்க், கப்பாரா, மைஸ்னர் என்னும் கர்தினால்மார் நால்வர் ஐந்து துபியாக்களைச் சமர்ப்பித்து, மறுமொழி வாராமையால் நவம்பரில் அவற்றைப் பகிரங்கப்படுத்தினர். பாப்பரசரை மடக்கும் சூழ்ச்சி இஃது என்றனர் ஒரு சாரார். விசுவாசத்தைக் காக்கும் கடமை என்றனர் மறு சாரார். ஐயம் என்னும் பெயர் பூண்ட அவ்வினாக்களில், கேட்டோர்க்கு ஐயம் சிறிதும் இருந்ததாக எமக்குத் தோன்றவில்லை. பெயர்தான் பணிவுடையது, தொனி கண்டனமே.

2023இல் கர்தினால்மார் ஐவர் வேறு ஐந்து துபியாக்களை விடுத்தபோது, பிரான்சிஸ் ஒற்றைச் சொல்லால் அன்றி விரிவாகவே விடையெழுதினார். அவர்களோ திருப்தியுறாது, 'ஆம்', 'அன்று' என்னும் விடைக்கே ஏற்ப வினாக்களைத் திருத்தி மீண்டும் அனுப்பினர். முதல் நால்வருள் மைஸ்னரும் கப்பாராவும் நேர்விடை பெறாமலே 2017இல் காலமாயினர்.