ஜெனரேட்டரை அணைத்து வைப்பதற்கும் ஒரு முறை உண்டு

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு விடிய விடிய வெளிச்சம் தந்த ஜெனரேட்டர், பந்தலைப் பிரித்த கையோடு கோயில் ஸ்டோருக்குள் போய்விடுகிறது. அடுத்து அது வெளியே வருவது ஆடித் திருவிழாவுக்கு, அல்லது வெள்ளத்தால் மின்சாரம் துண்டிக்கப்பட்ட ஓர் இரவில். அப்போது கயிற்றை இருபது முறை இழுத்தாலும் எஞ்சின் அசைவதில்லை. கோளாறு பெரும்பாலும் அன்று வந்ததாக இருக்காது. பல மாதங்களுக்கு முன் அதை நிறுத்தி வைத்த விதத்திலேயே தொடங்கியிருக்கும்.

பசார் மாலாம் கடைகளிலும் கோயில்களிலும் வீடுகளிலும் அதிகம் காணப்படுவது, இரண்டு மூன்று கிலோவாட் மின்சாரம் தரும் ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் ஜெனரேட்டர். அதை முறையாக நிறுத்தி வைக்கப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. அரை மணி நேரப் பொறுமை போதும்.

அணைக்கும் வரிசை

முதலில் விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்து, பிளக்குகளைக் கழற்ற வேண்டும். பிறகு ஜெனரேட்டரில் உள்ள பிரேக்கரை இறக்க வேண்டும். எஞ்சின் எந்தச் சுமையும் இல்லாமல் இரண்டு மூன்று நிமிடங்கள் ஓடட்டும். சுமையோடு ஓடிய எஞ்சினும் மின்சுருளும் கடும் சூட்டில் இருக்கும். இந்தச் சில நிமிடங்களில் குளிர்விக்கும் காற்று அந்தச் சூட்டை ஓரளவு இறக்கிவிடும். அதன் பிறகே சுவிட்சை அணைத்து, பெட்ரோல் வால்வை மூட வேண்டும். புகை, தீ, மின் அதிர்ச்சி என்று ஆபத்து நேர்ந்தால் இந்த வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம். நேராக எஞ்சின் சுவிட்சை அணைத்துவிடலாம்.

பெட்ரோல் தீரும்வரை ஓடட்டும், தானாக நின்றுவிடும் என்று விடுவது பலரது வழக்கம். சுமை ஏற்றியபடியே எஞ்சின் திணறி நிற்கும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கும். குளிர்பெட்டியின் கம்ப்ரசருக்கும் ஜெனரேட்டரின் மின்சுருளுக்கும் அது கெடுதல்.

நிறுத்திய உடனே பெட்ரோல் ஊற்றுவது அதைவிட மோசம். சைலன்சர் மேல் சிந்தும் சிறிதளவு பெட்ரோலே தீப்பிடிக்கப் போதும். குறைந்தது 15 நிமிடம் ஆற விட வேண்டும். மழைக்குப் பயந்து சூடான எஞ்சின் மீது கித்தான் போர்த்துவதும் ஆகாது.

பெட்ரோல் கெட்டுப்போகும்

அரிசி, மாவு போல பெட்ரோலுக்கும் ஆயுள் உண்டு. நம் நாட்டு வெப்பத்தில் அதன் லேசான பகுதி முதலில் ஆவியாகிவிட, எஞ்சியது நாளடைவில் பிசின்போல் திரளும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் செல்லும் துளை ஊசிமுனை அளவுதான். அந்தப் பிசின் அதை அடைத்துவிட்டால், டாங்கில் புது பெட்ரோல் ஊற்றியும் பயனில்லை. பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ வேண்டியதுதான்.

ஆகவே, ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பெட்ரோலை வெளியேற்றிவிடுவது நல்லது. டாங்கில் உள்ளதைக் கைப்பம்பு கொண்டு எடுக்கலாம். குழாயை வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. எடுத்த பெட்ரோல் புதியதாகவும் சுத்தமாகவும் இருந்தால் அன்றே பெட்ரோல் காரில் ஊற்றிவிடலாம். மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வைத்தால், தண்ணீர் என்று நினைத்துப் பிள்ளைகள் குடித்துவிடக்கூடும்.

டாங்கைக் காலி செய்வதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அடைப்பு ஏற்படும் இடமோ கார்புரேட்டரின் அடியில் உள்ள சிறு கிண்ணம். பெரும்பாலான ஜெனரேட்டர்களில் அதற்கு ஒரு வடிகால் திருகு இருக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பின் அதைத் தளர்த்தி, தங்கியுள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும். திருகு எட்டாத ஜெனரேட்டர் என்றால், பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, சுமை எதுவும் இல்லாமல் எஞ்சினை அது தானாக நிற்கும்வரை ஓட விடலாம். சுமை இல்லாததால் முன்பு சொன்ன கெடுதல் இதில் இல்லை.

டாங்கைப் பாதியளவு நிரப்பி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். காலியான மேல்பகுதியில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகும். இரும்பு டாங்க் துருப்பிடிக்கும். ஒன்று முழுக்க வடிக்க வேண்டும். இல்லையேல் பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்தைக் கலந்து, அது கார்புரேட்டர் வரை சேரும்படி சில நிமிடம் ஓட்டி, டாங்கை உரிய அளவுக்கு நிரப்பி வைக்க வேண்டும். அடிக்கடி மின்தடை வரும் வட்டாரத்தில் இருப்பவர்கள், மாதம் ஒரு முறை விசிறி, விளக்குகளை இணைத்து 15 நிமிடம் ஓட்டிப் பார்ப்பதே மேல்.

மாதக் கணக்கில் வைப்பதென்றால் எஞ்சின் எண்ணெயையும் மாற்றிவிடலாம். கறுத்த எண்ணெயில் உள்ள அமிலமும் ஈரமும் உள்பாகங்களை அரிக்கும். பழைய எண்ணெயைக் கால்வாயில் கொட்டாமல் பட்டறையில் கொடுக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி புது எண்ணெய் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழுத்தால் உள்சுவரில் எண்ணெய் பரவும். பிளக்கை மீண்டும் பொருத்திய பின், கயிறு இறுகும் இடம் வரை இழுத்து அப்படியே விட வேண்டும். அந்த நிலையில் வால்வுகள் இரண்டும் மூடியிருப்பதால் ஈரக்காற்று உள்ளே புகாது.

எங்கே வைப்பது?

காற்றோட்டமான, உலர்ந்த இடம் வேண்டும். சாமி விளக்கு எரியும் அறை, சாம்பிராணி போடும் இடம், கேஸ் அடுப்பு உள்ள சமையலறை ஆகியவற்றுக்கு அருகே கூடாது. வடித்த பிறகும் டாங்கில் பெட்ரோல் ஆவி இருக்கும். ஆவி தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிப் போகும். எலி வயரைக் கடிக்காமலும், குளவி சைலன்சர் வாயில் கூடு கட்டாமலும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளம் ஏறும் தாமான்களில் உயரமும் முக்கியம். 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளமே மூழ்கியது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நவம்பருக்கு முன்பே ஒருமுறை வெளியே எடுத்து, புது பெட்ரோல் ஊற்றி, ஓட்டிப் பார்த்து, உயரமான உறுதியான மேடையில் வைத்துவிடலாம்.

சோதனை ஓட்டமானாலும் சரி, வெள்ள இரவானாலும் சரி, ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ அஞ்சடியிலோ கார் நிறுத்தும் கூரைக்குக் கீழோ ஓட்டக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் தூக்கத்திலேயே இறந்துபோகலாம். சன்னலைத் திறந்து வைப்பது போதாது. கதவு, சன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்கும்படி வைக்க வேண்டும். மழை என்றால் ஜெனரேட்டரை நனைய விடவும் கூடாது, உள்ளே கொண்டுவரவும் கூடாது. மழை விடும்வரை இருட்டில் இருப்பதே வழி.

வெள்ளத்தில் மூழ்கிய ஜெனரேட்டரை, வெயிலில் காயவைத்துவிட்டோம் என்று கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பாகங்கள் வளையும். மின்சுருளில் ஈரம் இருந்தால் மின்சாரம் கசியும். பெட்ரோல், எண்ணெய் இரண்டையும் மாற்றி, மின்பகுதியை உலர்த்திச் சோதிக்கும்வரை அது பட்டறையிலேயே இருக்கட்டும்.