திருவொற்றியூரும் தீப்பெட்டி லேபிளும்

வரைகலை பயிலும் மாணவர்கள் தங்கள் செயல்திட்டங்களுக்கு முன்மாதிரி தேடிச் செல்லும் கண்காட்சிகளில் பழைய தீப்பெட்டி லேபிள்களும் இன்று இடம்பெறுகின்றன. ஆனால் அவற்றின் வரலாற்றில் வடசென்னைக்குள்ள பங்கு போதிய அளவு பேசப்படுவதில்லை. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட தொழிற்பகுதியில் ஒரு ரயில் நிலையமும், 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையமும் தாங்கியுள்ள விம்கோ நகர் என்னும் பெயர், வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டி நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கத்திலிருந்து வந்ததாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியச் சந்தையை ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த தீப்பெட்டிகளே நிரப்பியிருந்தன. 1922இல் இறக்குமதி வரி உயர்த்தப்பட்டதும், கடல்கடந்து பெட்டிகளை அனுப்புவதைவிட இங்கேயே ஆலை அமைப்பது ஆதாயம் எனக் கண்ட ஸ்வீடன் முதலீட்டாளர்கள் 1923இல் விம்கோவைத் தொடங்கினர். அதன் ஆலைகளுள் ஒன்று திருவொற்றியூரில் அமைந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் இத்தொழிலைக் கற்றுத் திரும்பி, சிவகாசியில் கைத்தொழிலாகத் தீப்பெட்டி செய்யத் தொடங்கினர். இவ்வாறு தமிழகத்திலேயே இயந்திர உற்பத்தியும் கை உற்பத்தியும் எதிரெதிரே நின்றன.

உள்ளிருக்கும் குச்சியும் மருந்தும் பெருமளவு ஒன்றுபோலவே இருந்த நிலையில், ஒரு பெட்டியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டியது மேலே ஒட்டிய லேபிளே. எழுத்தறியாதவரும் கடையில் படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினர். விம்கோவின் ‘கப்பல்’ அப்படிப் பெயர்பெற்றதுதான். ஆகவே படம் ஒரே பொருளைக் காட்ட வேண்டும், தொலைவிலிருந்தும் அடையாளம் தெரிய வேண்டும், மலிவுத்தாளிலும் கலங்காமல் பதிய வேண்டும் என்ற நெருக்கடிகள் அதன் வடிவத்தைத் தீர்மானித்தன. விற்பனையாகும் படத்தைச் சிறிதே மாற்றிப் போலி செய்வதும் பரவலாக இருந்தது. வணிகக் குறிகளைக் காக்க 1889இலும் 1940இலும் வந்த சட்டங்களின் தேவையை இத்தகைய லேபிள்களைக் கொண்டே விளக்கிவிடலாம்.

இவற்றின் அழகுக்கு அடிப்படை, கல்லச்சு எனப்படும் லித்தோ முறை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த இம்முறையில், வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லின்மேல் கொழுப்புள்ள மையால் படம் வரைந்து, கல்லை நனைத்து, மையுருளையை ஓட்டினால், ஈரமுள்ள இடம் மையை விலக்க, வரைந்த இடம் மட்டும் அதைப் பற்றிக்கொள்ளும். சிவப்புக்கு ஒரு கல், மஞ்சளுக்கு ஒரு கல், கருப்புக் கோட்டுக்கு ஒரு கல் என நிறந்தோறும் தனிக்கல் வேண்டியிருந்ததால், செலவைக் குறைக்க மூன்று நான்கு நிறங்களுக்குள் படத்தை முடித்தாக வேண்டும். ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நீளமே உள்ள சீட்டில் ஒரு நிறம் இம்மி பிசகினாலும் புலியின் கண் கன்னத்துக்கு இறங்கிவிடும். அந்தப் பிசகை மறைக்கவே ஓவியர்கள் உருவத்தைச் சுற்றித் தடித்த கருங்கோடு இட்டனர். இன்று பார்வையாளர் தனிப்பாணி எனப் பாராட்டும் அந்தக் கோடு, உண்மையில் அச்சுக்கூடத்தின் தேவையில் பிறந்தது. 1894இல் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தின் தெய்வப்படங்களும் இதே நுட்பத்தில் உருவானவையே.

சிவகாசியில் லேபிள் தேவைக்காக எழுந்த அச்சகங்கள் நாட்டுக்கே நாட்காட்டி அச்சிடும் தொழிலாக வளர்ந்தன. பெட்டி மரச்சீவலிலிருந்து அட்டைக்கு மாறியபோது, ஒட்டும் லேபிள் மறைந்து, படம் அட்டையிலேயே அச்சாயிற்று. 2005இல் விம்கோ ஐடிசி குழுமத்தின் வசமாயிற்று. அதே ஐடிசியின் அட்டைப்பெட்டி அச்சாலை திருவொற்றியூரில் உள்ளது என்பதால், அச்சுக்கும் இவ்வூருக்குமான உறவு அறுந்துவிடவில்லை.

ஓவியக் கல்லூரிகளின் பாடங்களில் இந்த லேபிள்களுக்கு ஓவியத்துக்கு நிகரான இடம் தரப்பட வேண்டும். பெயரறியாத கலைஞர்கள் கட்டுப்பாட்டையே வடிவமாக்கிய சான்றுகள் இவை. பல்லாயிரம் பேர் கடந்துசெல்லும் விம்கோ நகர் மெட்ரோ நிலையத்தின் சுவரொன்றில் அந்த ஆலையின் லேபிள்களை, ஆண்டும் அச்சுமுறையும் குறித்து, நிலையான காட்சியாக வைக்க மெட்ரோ நிர்வாகமும் மாநகராட்சியும் முன்வர வேண்டும்.