மின்னணு இசைக் கருவி அமைப்பு: ஒலிப்பதிவுக் கூடமும் கொடை மேடையும்

மின்னணு இசைக் கருவி அமைப்பு என்பது கீபோர்டு, ரிதம் பேட், மைக், மிக்சர், கணினி, ஒலிபெருக்கி ஆகியவற்றை ஒரே ஒலிப்பாதையில் இணைத்துப் பதிவுக்கோ நேரடி நிகழ்ச்சிக்கோ ஆயத்தப்படுத்தும் முறை. திருநெல்வேலி–தென்காசி சாலையில் அமைந்த பாவூர்சத்திரத்தை உள்ளடக்கிய தென்காசி வட்டாரத்தில் வில்லிசை, கணியான் கூத்து, நையாண்டி மேளம், மெல்லிசைக் கச்சேரி ஆகியவை கோயில் கொடை விழாக்களில் இடம்பெறுகின்றன. கூடத்துக்கும் மேடைக்கும் கருவிகள் ஏறத்தாழ ஒன்றே, தேவைகள் நேர்மாறானவை. கூடத்தில் ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியே பிடித்துப் பிறகு திருத்தலாம். மேடையில் எல்லா ஒலிகளும் ஒரே காற்றையும் ஒரே மின்சாரத்தையும் பகிர்கின்றன, திருத்த இடமில்லை.

வரலாறு

அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் 1964-இல் தம் சிந்தசைசரை அறிமுகப்படுத்தினார். 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடரின் உதவியுடன் மூக் சிந்தசைசர் கொண்ட ஒலிக்கூடம் உருவானது. கீதா சாராபாய், அதுல் தேசாய் உள்ளிட்டோர் அங்கு இசை அமைத்தனர். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் மிடி முறை 1983-இல் வந்தது. ஒரு மிடி இணைப்பில் 16 தடங்கள் உண்டு. அது ஒலியைக் கடத்துவதில்லை, எந்தச் சுரம் எப்போது, எவ்வளவு அழுத்தத்தில் வாசிக்கப்பட்டது என்ற கட்டளையை மட்டுமே கடத்துகிறது.

தமிழ்த் திரையிசையில் 1986-இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா, சுரக் கட்டளைகளைப் பதிந்து வாசிக்கும் சீக்வென்சரைப் பயன்படுத்தினார். ஏ.ஆர். ரகுமான் 1989-இல் தம் சென்னை வீட்டை ஒட்டிப் பஞ்சதன் ஒலிக்கூடத்தை அமைத்தார். 1992-இல் அவர் இசையமைத்த ‘ரோஜா’ படம் வெளிவந்தது. வாத்தியக் குழு முழுவதும் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவு செய்த முறைக்கு மாறாக, ஒலிகளை அடுக்கடுக்காகச் சேர்க்கும் முறை இத்தகைய கூடங்களால் பரவியது. 1985-இல் ரோலண்டு வெளியிட்ட ஆக்டோபேட் வகைக் கருவி, பல தாள வாத்தியங்களின் ஒலியை ஒருவரே குச்சியால் எழுப்ப வழிசெய்து மெல்லிசை மேடைகளுக்குள் நுழைந்தது.

ஒலிப்பதிவுக் கூடம்

சிறு கூடத்துக்குக் கணினி, மைக் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸ், கண்டென்சர் மைக், ஹெட்போன், ஒரு ஜோடி மானிட்டர் ஒலிபெருக்கி ஆகியவை போதும். கண்டென்சர் மைக்குக்கு இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தம் செல்ல வேண்டும். பதிவு பொதுவாக 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் நடக்கும். உச்ச ஒலிக்கும் இடம் விட்டு உள்ளீட்டு ஒலியளவை (கெயின்) வைப்பதே நல்ல பழக்கம், ஏனெனில் உச்சவரம்பைத் தாண்டிச் சிதைந்த ஒலியை மீட்க முடியாது.

பாடகர் தம் குரலை ஹெட்போனில் தாமதமாகக் கேட்டால் தாளம் பிசகும். கணினி ஒலியைத் தேக்கிக் கையாளும் பஃபர் 1024 மாதிரிகளாக இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸில் அதனால் மட்டும் 21.3 மில்லி வினாடி தாமதம் சேரும்; 256 எனில் 5.3 மட்டுமே. எனவே பதிவின்போது பஃபரைக் குறைத்தும், கணினிக்குச் சுமை கூடும் மிக்சிங்கின்போது உயர்த்தியும் வைப்பர். வெறுஞ்சுவர் எதிரொலியைத் தணிக்கக் கனத்த திரை, மெத்தை, புத்தக அலமாரி ஆகியவை ஓரளவு உதவும். ஆனால் வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுக்க இடைவெளியின்றி மூடிய கதவும் கனமான சுவரும் தேவை. இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

மேடை

மேடையில் பாட்டுக்கு டைனமிக் மைக்கே ஏற்றது. பக்கத்து வாத்தியங்களின் ஒலியை அது குறைவாகப் பிடிக்கும். கீபோர்டையும் பேடையும் சமிக்ஞையைச் சமநிலைப்படுத்தும் டி.ஐ. பெட்டி வழியாக மிக்சருக்குக் கொண்டுசென்றால் நீண்ட வயரில் இரைச்சல் ஏறாது. முதன்மை ஒலிபெருக்கிகளை மைக்குகளுக்கு முன்னால், கூட்டத்தை நோக்கி நிறுத்த வேண்டும். இல்லையேல் ஒலி மைக்குக்குள் திரும்பிப் புகுந்து ‘கூ’வென்று கத்தும். இவ்வட்டாரத்தின் வெப்பநிலையில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்கிறது. எனவே 35 மீட்டருக்கு அப்பால் துணை ஒலிபெருக்கி வைத்தால் அதன் ஒலியை ஏறத்தாழ 0.1 வினாடி தாமதிக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்வரிசையினருக்கு ஒரே சொல் இருமுறை கேட்கும்.

வில்லிசை தனிக் கவனம் கோருவது. வில்லில் கட்டிய மணிகளின் கூர்மையான ஓசை பாடுபவரின் மைக்கில் எளிதில் ஏறிவிடும். குடத்தின் வாயில் பத்தி என்னும் மட்டையால் அடிக்கையில் எழும் தாழ்ந்த ஒலியோ தொலைவிலிருக்கும் மைக்கில் கரைந்துவிடும். எனவே குடத்துக்கும் உடுக்கைக்கும் தனி மைக் கொடுத்து, வில்லுக்குத் தனி மைக் இல்லாமல் விடலாம்.

மின்சாரமும் பருவமும்

இந்திய மின்வழங்கல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாவிட்டாலும், கருவிகள் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகியிருந்தாலும் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ரீங்காரம் கேட்கும். சீரியல் செட், மேடை விளக்குகள் ஆகியவற்றுக்கு ஒரு ஃபேஸும் மைக் செட்டுக்கு மற்றொன்றும் ஒதுக்கினால் இரைச்சல் குறையும். எர்த் கம்பியைக் கழற்றி ரீங்காரத்தைப் போக்குவது உயிருக்கு ஆபத்தானது. ஈரமான தரையில் மைக்கைத் தொடுபவருக்கே மின்சாரம் பாயலாம். இயக்கும்போது ஆம்ப்ளிஃபயரைக் கடைசியாகப் போட்டு, நிறுத்தும்போது அதை முதலில் அணைத்தால் ஒலிபெருக்கி அடிபடாது.

ஜூன் முதல் ஆகஸ்டு வரையான குற்றாலச் சாரல் காலத்தில் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று வீசும். அப்போது மைக்குக்குப் பஞ்சுறை போட்டு, மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது காற்றிரைச்சலைக் குறைக்கும். ஈரத்தில் கண்டென்சர் மைக் கரகரக்கும் என்பதால் அதைச் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் பாதுகாக்க வேண்டும்.

சட்டம்

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி ஒலிபெருக்கிக்கு முன் அனுமதி தேவை. திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பயன்படுத்தக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். பொது இடத்தின் எல்லையில் ஒலியளவு சுற்றுப்புறத் தர அளவைவிட 10 டெசிபல் கூடுதல், அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. கூம்பு வடிவ ஒலிபெருக்கிகளுக்குத் தமிழ்நாட்டில் தடை உள்ளது. கொடை விழாவில் சாமக்கொடை என்னும் பூசை நள்ளிரவை ஒட்டி நடப்பதால், மைக் செட் எந்த நேரம்வரை ஒலிக்கலாம் என்பதை விழாக் குழுவினர் காவல் துறையிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் பெற்றுக்கொள்ள வேண்டும்.