கோணமலைக் கடலும் துப்பறியும் திரைக்கதையும்

துப்பறியும் கதைகளைக் கற்றோர் இகழ்வதும், இகழ்ந்துகொண்டே வாசிப்பதும் புதியன அல்ல. ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் தமிழ் வாசகரிடையே உலவத் தொடங்கிய நாள்முதல் இவ்விரட்டை மனநிலை நம்மிடையே இருந்துவருகின்றது. அவரது 'ராஜாம்பாள்' 1935இலும் 1951இலும் திரைப்படமாயிற்று. ஆங்கிலத்தில் இயன் பிளெமிங் 1953இல் படைத்த ஜேம்ஸ் பொண்ட், 1962இல் 'டொக்டர் நோ' வாயிலாகத் திரைக்கு வந்தபோதும் இதே நிலை தோன்றியது. ஈழத்தில் இவ்விருப்பம் கொண்ட வடிவம் திருகோணமலையோடு தொடர்புடையது என்பது பலரும் கருதாத செய்தியாகும்.

சாகசக் கதைக்குரிய களமாகத் திருகோணமலைத் துறைமுகம் தோன்றுதல் இயல்பே. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இதனைத் தாக்கின. 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்தனர். பிளெமிங்கும் அப்போரின்போது பிரித்தானியக் கடற்படைப் புலனாய்வுப் பிரிவில் பணியாற்றியவரே. ஆயின், இத்துறையின் ஆழ்ந்த மறைபொருள் போர்க்கப்பல்களில் இல்லை. கோணமாமலையின் அடிக்கடலில் இருந்தது.

சம்பந்தர் பாடிய கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்தனர். அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. கடலுள் வீழ்ந்தனவும் உண்டு. 1950இல் கிணறு தோண்டியபோது வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் சுழியோடியபோது, செதுக்கப்பட்ட தூண்களையும் கற்களையும் கடலடியிற் கண்டனர். அடுத்த ஆண்டு வெளிவந்த கிளார்க்கின் நூலொன்று இதனை உலகறியச் செய்தது.

கிளார்க்கின் பொருளுதவியுடன் வில்சன் 1962இல் 'ரன் முத்து தூவ' என்னும் சிங்களப் படத்தை வெளியிட்டார். 'பொன் முத்துத் தீவு' எனப் பொருள்படும் இது, சிங்களத்தின் முதலாவது முழுநீள வண்ணப் படமாகும். காமினி பொன்சேகா நடித்த இப்படத்திற்குத் திருகோணமலைக் கடலும் களமாயிற்று. புதையலும் கடலடிக் காட்சிகளும் மக்களை ஈர்த்தன. பொண்ட் 'தண்டர்போல்' படத்தில் நீருள் போரிட்டது 1965இலேயே என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

1967இல் வில்சன் மீண்டும் பொன்சேகாவைக் கொண்டு 'சொருங்கெத் சொரு' என்னும் படத்தை எடுத்தார். அதன் நாயகன் பெயர் ஜேமிஸ் பண்டா. கண்டிக் கிராமத்துப் பெயரொன்றை வெள்ளை ஒற்றனின் பெயரோடு பொருத்திய இக்கேலி வெறும் நகைச்சுவை அன்று. எள்ளுவோன் எள்ளப்படுவதன் நுணுக்கங்களை நன்கறிந்திருத்தல் வேண்டும். அறிதற்குப் பன்முறை பார்த்திருத்தலும் வேண்டும். ஒப்புக்கொள்ள நாணிய விருப்பமே கேலியாக வெளிப்படுகின்றது எனலாம்.

எனினும் இங்கு வினாவொன்று எழுகின்றது. சாகசக் கதையில் கடலடிப் பொருள் கண்டவனுக்கு உரிய புதையல். திருகோணமலையிலோ அது வழிபட்ட மக்களின் இழப்பு. கதையின் விறுவிறுப்பில் மயங்குவோர், அப்பொருள் யாருடையது எனக் கேட்க மறந்துவிடுகின்றனர். மீட்கப்பட்ட திருவுருவங்களோடு கோணேசர் ஆலயம் 1963இல் குடமுழுக்குக் கண்டது. படம் திரைக்கு வந்த மறு ஆண்டே இது நிகழ்ந்தமை எண்ணத்தக்கது. கடலுள் சாகசம் தேடிய வில்சனும் பிற்காலத்தில் துறவு பூண்டு, சுவாமி சிவகல்கி என்னும் பெயருடன் முருகனடியாராக வாழ்ந்து, 1995இல் மறைந்தார்.

ஆகவே, இத்தகைய கதைகளை விரும்புதல் குற்றமன்று. விரும்பியும் மறைத்தல் பயனற்றது. துப்பறிவோனிடம் வரலாற்று மாணவன் கற்கவேண்டியதும் ஒன்றுண்டு: தடயத்தைக் கண்டதும் நின்றுவிடாது, அது யாருடையது, எவரால் இழக்கப்பட்டது என இறுதிவரை வினவுதலே அது. கோணமலைக் கடலடிக் கற்கள் இன்றும் வேண்டி நிற்பது அவ்வினாவையே.